சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ அதிகமா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி_தேயிலை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

ஐந்து மாதத்துக்கு முன்பு எனக்குப் பெண் குழந்தை பிறந்தாள். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் பனிக்குடம் உடைந்தது. பதினான்கு மணி நேரம் வலி. சுகப்பிரசவம் ஆகிவிடும் என்றுதான் கடைசி வரை சொன்னார்கள். அப்புறம் திடீரென்று குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று கையெழுத்து வாங்கி, முதுகில் ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறந்தவுடன் அழவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு நாள் பெட்டியில் இருந்துவிட்டு என்னிடம் வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். குப்புற விழுகிறாள், ஸ்வெட்டர் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்துச் சப்புகிறாள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகம், இரும்பு துருப்பிடிப்பது போல அவர்கள் செல்கள் துருப்பிடித்திருக்கும், வாழ்நாள் முழுக்க நோய் வரும் என்று. நாத்தனார் அதை எனக்குத் தனியாகவும் அனுப்பினார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அக்கறையில்தான் அனுப்பினார். ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தங்கை கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எட்டு மாதம். குழந்தை இன்னும் தலை திரும்பவில்லை, கால் கீழே இருக்கிறது. ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளும் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டாள். இதில் எது உண்மை, எது பொய்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா

தங்கச்சி, நான் மலையில் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பத்தொன்பது வருடம், அதில் பெரும்பகுதி பிரசவ வார்டு. ரத்தப் பரிசோதனை விஷயம் படித்தவர்கள் வந்து சொல்லட்டும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

துடிப்பு இறங்கியது என்றால் உள்ளே குழந்தைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்தது அதிலிருந்து குழந்தையை வெளியே கொண்டுவரத்தான். குழந்தை அழாமல் பிறந்ததற்கு ஆபரேஷனைக் காரணமாகச் சொன்னால், தீயணைப்பு வண்டி வந்ததால்தான் வீடு எரிந்தது என்று சொல்வதற்குச் சமம். நீங்கள் செய்த தப்பு எதுவும் இதில் கிடையாது. முதலில் அதை மனதில் வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மண்வாசம்

சகோதரிக்கு வருத்தம் தருவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் உண்மையைப் பேச வேண்டும். இயற்கையாக வெளியே வரும் குழந்தைக்கு இருக்கும் பலம் கத்தி வைத்து எடுத்த குழந்தைக்கு வராது. என் பாட்டி எஸ்டேட் லைன் வீட்டில் ஒன்பது பெற்றார். ஒரு ஆபரேஷன் கிடையாது. கடைசிப் பிரசவத்துக்கு முந்தின நாள் வரை கொழுந்து பறித்தார். சுகப்பிரசவக் குழந்தைகளுக்கு ஸ்ட்ரெஸ் குறைவு என்று ஆராய்ச்சியே இருக்கிறது.

ஓவேலிக்காரன்

மண்வாசம் அண்ணா, நானும் எஸ்டேட் குடும்பம்தான், கூடலூர்ப் பக்கம். என் பாட்டிக்கும் ஒன்பது பிரசவம். நின்றது ஐந்து பேர். உங்கள் பாட்டியின் ஒன்பதில் எத்தனை பேர் நின்றார்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நான்கு பேருக்கும் பெயர் கூட வைக்கவில்லை. அதனால் யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நிறமாலை

குன்னூரில் பிறந்தவன், இப்போது கோவையில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவனாக இருந்தபோது தொப்புள் கொடி ரத்தத்தில் இதே விஷயத்தை அளந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு, செல்லுக்குள் ஆற்றல் உண்டாகும்போது ஃப்ரீ ராடிக்கல் என்ற முரட்டு மூலக்கூறுகளாக மாறுகிறது. அவை செல்லின் மேலுறையில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்கும். அவற்றை அடக்க உடம்பில் குளூட்டாதயோன், கேட்டலேஸ், சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், வைட்டமின் இ என்று ஒரு காவல் படை இருக்கிறது. தாக்குதல் காவலை மிஞ்சும்போது அந்த நிலைமைக்குப் பெயர் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். மனக்கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறப்பு என்றாலே இது கூடும். எந்த வழியில் பிறந்தாலும் கூடும். கருவறையில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகக் குறைவு. வெளியே வந்து முதல் மூச்சு இழுத்த சில நிமிடங்களில் அது மளமளவென்று ஏறுகிறது. குறைவிலேயே வளர்ந்த திசுக்கள் மேல் ஒரேயடியாக ஆக்சிஜன் வந்து விழுகிறது. இதைத் தாங்குவதற்கான நொதிகளைக் கரு கடைசி வாரங்களில்தான் வேகமாகச் சேர்க்கிறது. குறைமாதக் குழந்தைகள் அதிகம் அடிபடுவது அதனால்தான்.

இனி பிரசவ முறை. சுகப்பிரசவத்தில் ஒவ்வொரு வலி வரும்போதும் கருப்பை இறுகி நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வலி விட்டதும் மறுபடி பாய்கிறது. ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் ஹைப்போசாந்தின் என்ற பொருள் சேரும். ரத்தம் திரும்பியதும் அதிலிருந்து ஃப்ரீ ராடிக்கல் கிளம்பும். இந்தக் கணக்குப்படி சுகப்பிரசவத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும். சில ஆய்வுகளில் அப்படித்தான் வந்திருக்கிறது. வேறு சில ஆய்வுகளில் சிசேரியன் குழந்தைகளிடம் அதிகம். இன்னும் சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மண்வாசம் சொல்லும் ஆராய்ச்சியும் இருக்கிறது, அதற்கு நேர் எதிரானதும் இருக்கிறது.

ஏன் இந்தக் குழப்பம்? வலியே வராமல் தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனும், பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு செய்யும் அவசர ஆபரேஷனும் குழந்தையின் உடம்புக்கு இரண்டு வேறு நிகழ்ச்சிகள். இரண்டையும் ‘சிசேரியன்’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் விடை தடுமாறத்தான் செய்யும். முதுகு ஊசியா முழு மயக்கமா, தாய்க்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தார்கள், கொடியை எப்போது வெட்டினார்கள், எத்தனை வாரம் என்பதும் எண்ணை மாற்றும். 2002ல் ஹாங்காங்கில் ஒரு குழு காட்டியது: முதுகு ஊசி போட்டு சிசேரியன் செய்யும்போது தாய்க்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால், தாயிடமும் குழந்தையிடமும் கொழுப்புச் சிதைவின் அடையாளங்கள் கூடுகின்றன. அதாவது, கத்தியைக் குற்றம் சொல்லும் முன் முகமூடியையும் பார்க்க வேண்டும்.

அளவீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதிகம் அளக்கப்படுவது, கொழுப்பு சிதையும்போது உண்டாகும் மாலோண்டையால்டிஹைடு என்ற பொருள். ரத்தத்தின் தெளிநீரில் ஒரு அமிலத்தைக் கலந்து கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு சேதம் என்று கணக்கு. 532 நானோமீட்டரில் அந்த நிறத்தை அளப்போம். ஆனால் ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலும் எண் தாறுமாறாக ஏறும். நான் அளந்தபோது ஒரு குழாய் மட்டும் ரோஜாப்பூ மாதிரி சிவந்துவிட்டது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எங்கள் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அவசரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்திருக்கிறார்கள்” என்று சொல்லி அந்தக் குழாயைத் தள்ளி வைத்தார்.

தொப்புள் கொடி ரத்தம் சொல்வது பிறந்த அந்த நேரத்து நிலைமையை. பத்து வயதில் அந்தக் குழந்தை எப்படி இருக்கும் என்று அதில் படிக்க முடியாது. முழு மாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையின் காவல் படை நாளாக ஆகப் பலமாகும். ‘துருப்பிடித்த செல்’ என்று எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

கோத்தகிரி_தேயிலை

சார், இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஆக்சிஜன்தான் பிரச்சினை என்றால், என் குழந்தைக்குப் பிறந்தவுடன் ஆக்சிஜன் வைத்தார்களே, அது தப்பா? தங்கை கேட்பது வேறு. கொடைக்கானலில் காற்றிலேயே ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே, அது குழந்தைக்கு நல்லதா கெட்டதா?

பேரிஜம்

உங்கள் தங்கைக்காக என் கதையைச் சொல்கிறேன். நானும் கொடைக்கானல்தான். முதல் பிரசவம் சிசேரியன். அதற்கு மருத்துவக் காரணம் இருந்தது, எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, வீட்டில் நட்சத்திரம் பார்த்து, நல்ல நேரம் குறித்துக் கேட்டார்கள். மருத்துவமனையிலும் சரி என்றார்கள். 37 வாரம் முடிந்து இரண்டு நாள். காலை ஏழே முக்காலுக்குள் குழந்தை வெளியே வந்தாக வேண்டும்.

வந்தான். அழுதான். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புக்குக் கீழே தோல் குழி விழுந்து விழுந்து எழும்பியது, மூக்கு விடைத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். நுரையீரலில் தண்ணீர் வற்றவில்லை என்றார்கள். ஆம்புலன்ஸில் வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறக்கினார்கள். நான் வயிற்றில் தையலோடு மேலே, அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கீழே. மூன்று நாள் நான் அவனைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போனில் அனுப்பிய படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆறு வயது, ஓடுகிறான், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாளை நாங்களாகத் தேடிப்போய் வாங்கிக்கொண்டோம் என்பது எனக்கு மறக்கவில்லை. உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்: ஆபரேஷன் என்றால் ஆபரேஷன். பயப்பட வேண்டாம். தேதியை மட்டும் ஜாதகத்திடம் கொடுக்க வேண்டாம்.

சின்னமூச்சு

குழந்தை மருத்துவர், நீலகிரியில் வேலை பார்க்கிறேன். நிறமாலை எழுதியது சரி. விட்டுப்போன இடங்களை மட்டும் தொடுகிறேன்.

முதலில் பேரிஜம் சொன்னது. பிரசவ வலி குழந்தைக்கும் ஒரு தயாரிப்பு. அந்த நேரத்தில் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பெருமளவில் சுரக்கின்றன. நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்சச் சொல்லி உத்தரவு போடுவது அவைதான். வலி வராமல், வாரமும் நிறையாமல் எடுத்தால் அந்த உத்தரவு பலவீனமாகவே போகிறது. டென்மார்க்கில் 2008ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், திட்டமிட்ட சிசேரியனில் மூச்சுப் பிரச்சினை வரும் வாய்ப்பு சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களோடு ஒப்பிட்டால் 37வது வாரத்தில் சுமார் 4 மடங்கு, 38வது வாரத்தில் 3 மடங்கு, 39வது வாரத்தில் 2 மடங்கு என்று வந்தது. வேறு ஆபத்து இல்லாதபோது 39 வாரம் நிறையட்டும் என்று நாங்கள் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். மூச்சுத் திணறல் வந்தால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ஆக்சிஜன் கொடுத்தால் ஃப்ரீ ராடிக்கல் கூடும். சிசேரியனுக்கும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸுக்கும் இருக்கும் தொடர்பில் ஒரு பெரிய பங்கு இந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது என்பது என் கருத்து.

அடுத்து, பிறந்தவுடன் கொடுத்த ஆக்சிஜன். அழாமல் பிறந்த குழந்தைக்கு உடனே சுத்த ஆக்சிஜன் கொடு என்பதுதான் பல பத்தாண்டுகள் பாடமாக இருந்தது. அது தேவையா என்று கேட்டவர்களில் நார்வேயின் ஓலா சாக்ஸ்டாட் முக்கியமானவர். அவரோடு சேர்ந்து டெல்லி மருத்துவர்கள் 1993லேயே, சாதாரணக் காற்றைக் கொண்டே பெரும்பாலான குழந்தைகளை மூச்சுவிட வைக்கலாம் என்று காட்டினார்கள். ஸ்பெயினில் மாக்ஸிமோ வென்டோவின் குழு 2001ல் வெளியிட்டது இன்னும் யோசிக்க வைத்தது. சுத்த ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸின் அடையாளம் நான்கு வாரம் கழித்தும் இருந்தது. 2010ல் உலக அளவிலான வழிகாட்டுதல் மாறியது. முழு மாதக் குழந்தைக்கு இப்போது சாதாரணக் காற்றில் தொடங்குகிறோம். வலது கையில் சென்சார் கட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும் எண்ணைப் பார்த்து, தேவைப்பட்டால்தான் ஆக்சிஜன் சேர்க்கிறோம்.

அந்த எண்ணைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. முதல் நிமிடத்தில் 60, 65 இருந்தால் போதும். ஐந்தாவது நிமிடத்தில் 80, 85. பத்தாவது நிமிடத்தில்தான் 85லிருந்து 95. பிறந்தவுடன் குழந்தை கொஞ்சம் நீலமாக இருப்பது இயல்பு. மெதுவாக ஏறுவதுதான் நல்லது. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்க்கலாம். எப்படியிருந்தாலும், மூச்சே விடாத குழந்தையை மூச்சுவிட வைத்தது சரியான காரியம். ஐந்தாம் மாதத்தில் குப்புற விழும் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு நாள் பெட்டியில் இருந்ததால், வளர்ச்சிப் பரிசோதனைகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

மலை விஷயம். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர், மெக்ஸிகோ நகரமும் அதே உயரம். கொடைக்கானல் கொஞ்சம் குறைவு. காற்றில் ஆக்சிஜன் இங்கேயும் நூற்றுக்கு 21தான். அழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. அதனால் நம் ஊர்க் குழந்தைகளின் எண் சமவெளிக் குழந்தைகளை விடச் சற்றுக் குறைவாக வரலாம். இதயக் கோளாறு கண்டுபிடிக்கும் சென்சார் பரிசோதனையில் 95 என்ற வரம்பை வைத்தால் நம் பக்கம் சிலருக்கு மறுபரிசோதனை தேவைப்படும். ஆனால் எண் குறைந்தால் ‘மலைதானே’ என்று யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கருவறையில் இருக்கும் ஆக்சிஜன் நிலையை எவரெஸ்ட் உச்சியோடு ஒப்பிட்டார் உடலியங்கியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட். அப்படிப் பார்த்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் மலை இறங்கித்தான் வருகிறது. ஊட்டியில் பிறப்பவன் கொஞ்சம் மேலேயே நின்றுகொள்கிறான், சென்னையில் பிறப்பவன் அடிவாரம் வரை வருகிறான். முழு மாதக் குழந்தைக்கு இரண்டும் தாங்கும். குறைமாதக் குழந்தைக்குத்தான் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் கணக்கு.

மண்வாசம்

ஓவேலிக்காரன் கேட்டதை அத்தையிடம் கேட்டேன். ஒன்பதில் ஆறு பேர். மூன்று பேர் போனது எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. ஒன்று பிறந்து அழவே இல்லையாம், வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றி முக்கிப் பார்த்திருக்கிறார்கள். சகோதரி, நான் எழுதிய முறைக்கு வருந்துகிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன். இவ்வளவு சிசேரியன் தேவையா?

சின்னமூச்சு

இல்லை. நியாயமான கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன், இந்தியா முழுக்க 21.5. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. இதை மருத்துவமனைகளையும் எங்களையும் பார்த்துக் கேளுங்கள். பெற்றுவிட்டு வந்து படுத்திருக்கும் தாயைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

ஓவேலிக்காரன்

மண்வாசம் அண்ணா, அத்தையிடம் கேட்டதற்கு நன்றி. அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் போதும் என்று என் பாட்டி சொல்வார்.

வார்டு_அக்கா

நைட் டியூட்டி முடிந்து வந்து எல்லாம் படித்தேன். தங்கை என்ன கேட்கலாம் என்று இனி நான் சொல்கிறேன். ஆபரேஷன் என்று முடிவானாலும் குழந்தைக்காகக் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன.

கொடியை உடனே வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். குழந்தை நன்றாக அழுதால் ஆபரேஷனிலும் ஒரு நிமிடமாவது காத்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். பிறந்தவுடன் கொடியைத் தொட்டால் கனமாக, நீலமும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும், விரலுக்கடியில் துடிக்கும். கொஞ்ச நேரத்தில் துடிப்பு தளர்ந்து, வெளுத்து, துவண்டுபோகும். அந்த இடைவெளியில் போகிற ரத்தம் குழந்தைக்கு உரியது. முதல் சில வருடம் நான் அதைத் துடிக்கத் துடிக்க வெட்டக் கொடுத்தவள்தான், அப்போது அப்படித்தான் பழக்கம். இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே சத்தமாக எண்ணுகிறேன்.

நிறமாலை

அக்கா சொன்னதற்கு ஆதரவாக ஒன்று: ஸ்பெயினில் கிரனாடாவில் நடந்த ஆய்வு, 2014. கொடியைத் தாமதித்து வெட்டிய குழந்தைகளிடம் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன், அதாவது காவல் படையின் பலம், கூடியிருந்தது.

சீம்பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் நிறம் கரோட்டினிலிருந்து வருவது. வைட்டமின் இயும் பின்னால் வரும் பாலை விட அதில் அதிகம். லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கட்டுப்பாடில்லாத இரும்பு ஃப்ரீ ராடிக்கலுக்கு எண்ணெய் ஊற்றுவது போல. பிறந்த குழந்தைக்குக் காவல் படை தேவைப்படும் அதே நாளில் அது சுரக்கிறது. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்த இடம் வரும்போது என் குரல் கொஞ்சம் மாறிவிடும்.

வார்டு_அக்கா

ஆபரேஷன் ஆனவர்களுக்கு “பால் வராது, பவுடர் கொடுங்கள்” என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தே சொல்வார்கள். கேட்க வேண்டாம். முதுகு ஊசி என்றால் தாய் விழித்துக்கொண்டுதான் இருப்பாள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பக்கவாட்டில் படுக்க வைத்துக் குழந்தையைப் பிடித்துக்கொடுத்தால் குடிக்கும். ஒரு ஸ்பூன் அளவுதான் வரும், அது போதும்.

இன்னொன்று குளிர். கீழ்நாட்டில் இதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், நமக்கு முக்கியம். குளிரில் குழந்தை உடம்பைச் சூடாக்க அதிக ஆக்சிஜன் செலவழிக்கும், மூச்சு வாங்கும். மார்கழி, தை மாதத்தில் ஆபரேஷன் தியேட்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். துடைத்தவுடன் தாயின் நெஞ்சின் மேல் தோலோடு தோலாகப் போட்டு மேலே போர்த்தச் சொல்லுங்கள். தாய்க்கு முடியவில்லை என்றால் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். வெட்கப்படுவார்கள், பத்து நிமிடத்தில் கொடுக்க மாட்டேன் என்பார்கள்.

கோத்தகிரி_தேயிலை

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று தங்கை டாக்டரிடம் போயிருந்தாள். இந்தப் பக்கத்தையே போனில் எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். 39 வாரம் முடிந்து வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்பே வலி வந்தால் உடனே வர வேண்டும், கொடிக்கு ஒரு நிமிடம் கட்டாயம் காத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் மாமியார் நாள் பார்க்கலாமா என்று ஆரம்பித்தபோது, பேரிஜம் அக்கா எழுதியதை அவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு மாமியார் நாளைப் பற்றிப் பேசவில்லை, குழந்தைக்குக் கம்பளி நூல் வாங்கக் கிளம்பிவிட்டார்.

நாத்தனாரிடமும் பேசினேன். அவருக்கு இரண்டும் சிசேரியன். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவரும் ராத்திரி தூங்கவில்லையாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

வார்டு அக்கா, தங்கை ஒன்று கேட்கச் சொன்னாள். குல்லா பின்னுகிறார்கள், எந்த அளவு, எத்தனை?

வார்டு_அக்கா

தலைச் சுற்றளவு முப்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் தளர்வாக. காதை மூட வேண்டும். நூல் கயிறு, குஞ்சம் எதுவும் வேண்டாம். இரண்டு பின்னச் சொல்லுங்கள், பிறந்தவுடன் போடுவது நனைந்துவிடும்.